மருந்தைச் சுமந்து செல்லும் நுண்துகள்

தோட்டத்து வீடுகளின் வாசலில் ஊதாவும் வெள்ளையுமாய்ப் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை அறியாதார் இலர். அச்செடியில் புற்றுநோய்க்கு மருந்து உண்டெனக் கேள்வியுற்று, இலையைக் கஷாயமிட்டு அருந்துவோரும் நம்மிடையே உளர். மருந்து இருப்பது உண்மையே. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் இரு மருந்துகள் அதிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் பயன்படுகிறது. ஆயினும் கஷாயம் அம்மருந்தாகாது. பெரியவர்களுக்குங்கூட ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மிகாமல் அளந்து, இரத்தக் குழாயில் மட்டுமே செலுத்தப்படும் நஞ்சு அது. இலையிலோ வேறு பல நச்சுப் பொருள்களும் கலந்துள்ளன. அவற்றை அளந்தறிய அடுப்படியில் வழியில்லை.

செடியில் மருந்தைக் கண்டறிவது பாதி வேலையே. அதனை உடலினுள் உரியவாறு கொண்டு சேர்ப்பது மறுபாதி. பாக்லிடாக்செல் என்னும் மற்றொரு தாவர மருந்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் 1962-இல் சேகரிக்கப்பட்ட யூ மரப் பட்டையில் தொடங்கியது அவ்வரலாறு. வால், வாணி என்னும் வேதியியலறிஞர்கள் அம்மருந்தின் அமைப்பை 1971-இல் வெளியிட்டனர். உயிரணு இரண்டாகப் பிரிவதற்குத் துணைபுரியும் நுண்குழல்களைக் கலையவொட்டாமல் அது இறுக்கிவிடுகிறது என்பதை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் விளக்கினார். பிரிய இயலாத உயிரணு மடிகிறது. 1992-இல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

ஆனால் அது நீரில் கரையாது. ஆகவே ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானிலும் சாராயத்திலும் கரைத்து, பெரும்பாலும் மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினர். அக்கரைப்பானே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை விளைத்தது.

இதற்குக் கண்ட தீர்வு, பால்மரம் வெட்டுவோருக்குப் புதிதன்று. ரப்பரும் நீரில் கரையாப் பொருள்தான். எனினும் வாளியிலுள்ள பாலில் அது எவ்வாறு மிதக்கிறது? கண்ணுக்குப் புலனாகாத துகள்களாய், மேலே புரதப் போர்வை போர்த்து மிதக்கிறது. அமிலம் ஊற்றும்வரை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. அறிஞர்களும் பாக்லிடாக்செலை அல்புமின் என்னும் இரத்தப் புரதத்துடன் சேர்த்து நுண்துகள்களாக்கினர். ஒரு துகளின் அளவு ஏறத்தாழ 130 நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் குறுக்கே சுமார் அறுநூறு துகள்களை வரிசையாக அடுக்கலாம்! எண்ணெய்க் கரைப்பான் தேவையற்றுப் போயிற்று. மார்பகப் புற்றுநோய்க்கு அரைமணி நேரத்தில் ஏற்ற முடிந்தது. 2005-இல் அமெரிக்கா இதனை அனுமதித்தது. பரவிய மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், பழைய முறையில் நூற்றுக்கு 19 பேருக்கும் புதிய முறையில் 33 பேருக்கும் கட்டி சுருங்கியது.

இதனை மாய மருந்தென நாம் கூறோம். முடி உதிர்தலும் வெள்ளணுக் குறைவும் நீங்கவில்லை. கைகால் மரத்துப்போதல் அந்த ஆய்வில் கூடுதலாகவே காணப்பட்டது. பரவிய கணையப் புற்றுநோயில், வழக்கமான மருந்துடன் இதனையும் சேர்த்தபோது சராசரி ஆயுள் 6.7 மாதங்களிலிருந்து 8.5 மாதங்களாக உயர்ந்தது, அவ்வளவே.

சிகிச்சை பெறுவோர் வீட்டில் அருந்தும் கஷாயம், பொடி, லேகியம் எதுவாயினும் மருத்துவரிடம் மறையாது கூறுதல் வேண்டும். கடிந்துகொள்வாரோ என அஞ்சி மறைப்போர் பலர். பாக்லிடாக்செலைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலே. சில மூலிகைகள் அவ்வேகத்தை மாற்றிவிடும். அளந்து ஏற்றிய மருந்து அப்போது அளவு மீறும், அல்லது போதாமற் போகும்.