களத்துமேட்டு எண்ணிக்கையும் கம்பிவழிச் செய்தியும்

தஞ்சை நாட்டுக் களத்துமேட்டில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்னார், 'லாபம்' என்பர். பின்னரே இரண்டு, மூன்று எனத் தொடர்வர். இம்மரபறியாத அயலூரார் ஒருவர், செவிப்பட்ட எண்ணுக்கொரு கோடிட்டுக் கணக்கெழுதுவாராயின், குவியலுக்கு ஒரு மரக்கால் குறைந்துவிடும். அளந்தவரும் பிழை செய்திலர். எழுதியவரும் பிழை செய்திலர். இருவர்க்கும் இடையே உடன்பாடில்லாமையே பிழை. பொறியொன்று மற்றொரு பொறிக்குக் கம்பிவழியே எண் அனுப்புங்கால் நேர்வதும் இஃதே.

வயற்காட்டு மோட்டாரைத் தொலைவிலிருந்து இயக்கும் பெட்டியைத் திறந்து பார்ப்பின், உள்ளே விரல்நுனியளவான சில்லொன்று காணப்படும். அதுவே நுண்கட்டுப்படுத்தி. அது செய்தியை ஒரே கம்பியில், ஒன்றன்பின் ஒன்றாய், பிட்டு பிட்டாக விடுக்கும். வாளாவிருக்குங்கால் கம்பியில் மின்னழுத்தம் உயர்ந்தே நிற்கும். அது தாழ்வதே தொடக்கக் குறி, நம் 'லாபம்' போல. பின் எட்டுப் பிட்டுகள். இறுதியில் ஒரு நிறுத்தக் குறி. ஆகப் பத்து. நொடிக்கு 9600 பிட்டு வீதம் அனுப்பின் 960 பைட்டுகள் செல்லும். இவ்வேகத்தை அளக்கும் 'பாட்' என்னும் அலகு, பிரெஞ்சுத் தந்தி வல்லுநர் எமில் போதோவின் பெயரால் வந்தது. இரு பொறிகளின் கடிகாரங்களும் நூற்றுக்கு ஐந்து அளவு வேறுபடினும் பத்தாம் பிட்டுக்குள் வாசிப்புத் தடுமாறிவிடும்.

பௌதிகம் பயிலும் என் விடுதி நண்பர் ஒருவர், ஆற்று நீரின் அளவைப் பலகையில் காட்டும் கருவியொன்று அமைத்தார். நிரலை முதலில் ஈ.எஸ்.பி.32 என்னும் சில்லுக்கு எழுதினார். மேட்டூரில் திறக்கப்படும் நீர் நொடிக்கு 12,000 கன அடி, வெள்ளக் காலத்து 1,00,000 கன அடி என இரண்டு எண்களை இட்டுச் சோதித்தோம். இரண்டும் செவ்வையாக வந்தன. பின்னர் அந்நிரலையே, ஓரெழுத்தும் மாற்றாது, ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகைக்கு மாற்றினார். 12,000 வந்தது. இலட்சமோ -31,072 எனத் தோன்றிற்று! காவிரி கடலினின்று மேட்டூருக்கு ஏறுகின்றது போலும் என்று நகைத்தோம். ஆயினும் ஆற்றங்கரைச் சிற்றூருக்கு அப்பலகையொன்றே சான்றாயிருப்பின் நகைக்க இயலுமோ?

காரணம் எளிது. சீ மொழியில் 'இண்ட்' என்னும் சொல், முன்னைச் சில்லில் 32 பிட்டுகளையும், ஊனோவில் 16 பிட்டுகளையுமே குறிக்கும். பதினாறில் அடங்கும் பேரெண் 32,767. சோழநாட்டு மரக்காலும் பாண்டிநாட்டு மரக்காலும் ஒரு பெயரினவாயினும் ஓரளவின அல்ல என்பது போலாம். 1996 ஜூன் 4இல் ஏரியேன் 5 ஏவூர்தி நாற்பது நொடிக்குள் சிதைந்ததும் இவ்வகைப் பிழையாலேயே. ஏரியேன் 4இல் பழுதின்றி நடந்த நிரற்பகுதி, புதிய ஊர்தியின் பெரிய எண்ணைப் பதினாறு பிட்டுகளுள் திணிக்க முயன்றது.

ஆதலின், 'இண்ட்' என்று வாளா எழுதாது, 32 பிட்டு என அளவு குறித்தே எழுதுதல் வேண்டும். பைட்டுகளின் வரிசையும் உடன்பாட்டுக்குரியது. 12,000 இரண்டு பைட்டுகளாகச் செல்லும். பெறுவோன் அவற்றை முன்பின்னாகக் கோப்பின் 57,390 ஆகிவிடும். நினைவகத்தில் உள்ளவாறே எடுத்து வீசாமல், உயர்ந்த பைட்டு முதலாக நிரலே பகுத்து அனுப்பின் எச்சில்லிலும் தீங்கில்லை.

இனிக் கம்பியில் இரைச்சல் புகும். செய்தியின் ஈற்றில் பைட்டுகளின் கூட்டுத்தொகையைச் சேர்ப்போர் பலர். எனக்கு அது போதாதெனத் தோன்றுகிறது. இரு பைட்டுகள் இடம்மாறினும் கூட்டுத்தொகை மாறாதன்றோ? சி.ஆர்.சி. என்னும் வகுத்தல்முறை அதனையும் காட்டிக் கொடுக்கும். பெறும் நிரல் வாராத பைட்டுக்காகக் காலவரையறையின்றிக் காத்திருத்தலும் ஆகாது. காத்திருக்கும் பொழுதெல்லாம் பிற பணிகள் நின்றுவிடும்.

நண்பர் இப்பொழுது பலகையில் 'வெள்ளம்' என்று தமிழிலேயே காட்ட முயல்கின்றார். நமக்கு அது நான்கெழுத்து. யூனிகோடு முறையில் ஏழு குறியீடுகள், யூ.டி.எஃப். 8 வடிவில் குறியீட்டுக்கு மூன்றாக 21 பைட்டுகள். அவற்றுள் ஒன்று வழியில் வீழினும் ஓரெழுத்துச் சிதைகின்றது. நேற்றிரவு மகரப்புள்ளி மட்டும் வரவில்லை.