பழைய அலைவுகாட்டிகளின் உறுதியும் திருத்தமும்

மின்னழுத்தத்தின் மாற்றத்தைத் திரையிலே ஒளிக்கோடாக வரைந்து காட்டுங் கருவி கதோட்டுக்கதிர் அலைவுகாட்டியாகும். இலக்கமுறைக் கருவிகள் அதன் இடத்தைப் பெரும்பாலும் பற்றிக்கொண்ட இக்காலத்திலும் பழையனவற்றைத் திருத்தி ஆள்வோர் உளர். பழுதடையாத கருவி எது என வினவுவோர், பழுதுற்றபின் திருத்தத்தக்கது எது எனவும் வினவுதல் வேண்டும். இரண்டுக்கும் விடை ஒன்றன்று. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் 1946இல் நிறுவப்பெற்ற தெக்ற்றோனிக்ஸ் நிறுவனத்தாரின் மூன்று கருவிகளை ஒப்புநோக்கின் இது புலனாகும்.

1950களில் வெளிவந்த 545 என்னுங் கருவி வால்வுகளால் ஆயது. வெப்பம் மிகுதி, வால்வுகள் நாளடைவில் வலுக்குன்றும். ஆகவே அடிக்கடி பழுதுறும். ஆயினும் வால்வொன்றைக் கழற்றி வேறொன்றைச் செருகுதல் மாணவனுக்கும் இயலும். அதன் உறுப்புக்கள் பீங்கான் பட்டிகளின் வெள்ளி பூசிய பிளவுகளிலே பற்றாசினாற் பொருத்தப்பட்டுள்ளன. சாதாரண பற்றாசு அவ்வெள்ளிப் பூச்சைக் கரைத்துவிடும். நூற்றுக்கு ஏறக்குறைய 3 பங்கு வெள்ளி கலந்ததே ஏற்றது. அத்தகைய பற்றாசின் சிறு சுருளொன்றைக் கருவியின் உள்ளேயே வைத்து விற்றனர்! பின்னாளில் ஒருவன் திருத்த வருவான் என எண்ணிய அக்கருத்து மெச்சத்தக்கது.

1972இல் வந்த 465, திரான்சிற்றர்களால் ஆயது. வினாடிக்கு 10 கோடி அலைவுகள் வரை காட்டும். இதிற் பெரும்பாலும் கெடுவது தந்தல ஒடுக்கி. அது குறுஞ்சுற்றானால் வழங்கல் அழுத்தம் வீழ்ந்து திரை இருளும். மின்னைத் துண்டித்து, ஒவ்வொரு வழங்கற் கம்பிக்கும் புவிக்கும் இடையேயுள்ள தடையை அளந்தால், மிகக் குறைந்த தடையுடைய கம்பியிலேயே குற்றவாளி உண்டு. பின்னர் அதிலுள்ள ஒடுக்கிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தல் வேண்டும்.

1980களின் 2465, 30 கோடி அலைவுகளைக் காட்டவல்லது, பழுதுறுவதும் அரிது. ஆனால் அதன் ஒருங்கிணைந்த சுற்றுக்கள் சில நிறுவனத்தார் தமக்கெனவே ஆக்கியவை. அவற்றுள் கிடைத்திசை ஒளிக்கோட்டை இயக்குஞ் சுற்றுக் கெட்டால், இறந்த மற்றொரு கருவியிலிருந்தே அதனை எடுத்தல் வேண்டும். அதன் பிந்திய வகைகளில் அளவுத்திருத்த எண்களும் மின்கலத்தால் நிலைபெறும் நினைவகத்திலே உள்ளன. மின்கலம் ஓய்ந்தால் அவையும் அழியும்.

ஆய்வுகூடத்துக்கு ஒன்றைத் தெரிய வேண்டின் 465ஐயே யான் தெரிவேன். எதைத் திறப்பினும், கதோட்டுக்கதிர்க் குழாயின் பல்லாயிரம் உவோற்று அழுத்தம் மின்னைத் துண்டித்த பின்னரும் சிறிது நேரம் தங்கும். அதனை முறைப்படி இறக்காது உள்ளே கைவைத்தலாகாது.