வாய்ப்புற்றுநோய்: கட்டி வேரூன்றும் முன் விழித்துக்கொள்வோம்

ஹட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்டங்களில் காலைக் குளிரில் மலையேறும் தொழிலாளர் பலருக்கு வெற்றிலையும் பாக்கும் புகையிலையுமே துணை. தமிழ், முஸ்லிம் திருமண வீடுகளிலும் வெற்றிலைத் தட்டுக்குத் தனி இடமுண்டு. ஆனால், இலங்கை ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோயே முன்னணியில் உள்ளது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணியே என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பில் அறிவித்தது.

இந்நோய் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெண்படலம், அல்லது ஒரு செந்திட்டு, அவ்வளவே. அந்நிலையில் தோன்றும் சிறு கட்டி, அருகிலுள்ள குருதிக் குழாய்களிலிருந்து கசியும் ஒட்சிசனைக் கொண்டே உயிர்வாழ்கிறது. அவ்வாறு ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் அதனால் வளர முடியாது. 1971 இல் இக்கருத்தை முன்வைத்த அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜூடா போக்மனை அன்று பலர் ஏற்கவில்லை. பின்னர் அது மெய்யென நிரூபணமாயிற்று.

ஒட்சிசன் குறைந்ததும் புற்றுநோய்க் கலங்கள் வி.ஈ.ஜி.எப். எனும் புரதத்தைச் சுரக்கின்றன. அது அண்மைய குருதிக் குழாயின் உட்சுவர்க் கலங்களைத் தூண்ட, புதிய கிளைகள் கட்டியை நோக்கி முளைக்கின்றன. லயத்தின் பொதுக் குழாயிலிருந்து ஒருவர் தமக்கென இரகசியமாகக் கிளைக்குழாய் இழுப்பதைப் போன்றதே இது. கலங்கள் ஒட்சிசன் குறைவை உணரும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2019 இல் மருத்துவ நோபல் பரிசு கிட்டியது.

இப்புதிய குழாய்கள் ஒழுங்கற்றவை, கசிபவை. கட்டிக்கு உணவூட்டும் அதே வழியால் நோய்க்கலங்கள் உடலெங்கும் பரவவும் கூடும். இக்குழாய்களைத் தடுக்கும் பெவாசிசுமப் எனும் மருந்து 2004 இல் அமெரிக்காவில் பெருங்குடற் புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்டது. எனினும், இத்தகைய மருந்துகள் பெரும்பாலும் ஏனைய சிகிச்சைகளுடன் இணைத்தே வழங்கப்படுகின்றன. தனித்து நின்று நோயை வேரறுப்பவை அல்ல.

ஆகவே, கட்டி தனக்கெனக் குழாய் அமைக்குமுன் கண்டறிவதே சாலச் சிறந்தது. இரு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் சிரமம் என்பவற்றைக் கண்டால் அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரை நாட வேண்டும். ஒருநாள் பேருக்கு அஞ்சி இதைப் பிற்போடுவோர் பின்னர் கண்டிக்கும் மஹரகமவுக்கும் மாதக்கணக்கில் அலைய நேரிடும். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் சம்பளக் குறைப்பின்றி வாய்ப் பரிசோதனைக்கு வழிசெய்ய முன்வர வேண்டும் என வலியுறுத்துகிறோம்.