18 வயதுக்குப் பிறகு

பள்ளி முடிந்த மறுநாளைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறோம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று கணக்கெடுக்க ஆள் வருகிறார்கள். பள்ளியை விட்ட பிள்ளை இப்போது எங்கே என்று கேட்டு எவரும் சேரிக்கு வந்து நாங்கள் பார்த்ததில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. உயர்கல்வியில் 5, அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கியது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் பொறுப்பு? அதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பிள்ளைக்கு 16 வயதாகும்போதே பள்ளி அதற்கான திட்டத்தை எழுதியாக வேண்டும். இங்கே அது அம்மாவின் தலையில்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அம்மா, நூறுநாள் வேலைக்குப் போகிறவர். மகனுக்கு அறிவுசார் குறைபாடு. 18 முடிந்ததும் மகன் சட்டப்படி மேஜர். அவனுக்காக அம்மா போடும் கையெழுத்து இனித் தானாகச் செல்லாது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் ஆணை வாங்க வேண்டும். இது அவருக்கு வங்கிக் கவுண்ட்டரில்தான் தெரிந்தது. நாலு நடை அலைந்தார், நாலு நாள் கூலி போயிற்று. 2016 சட்டமோ, காப்பாளரும் அவரும் கலந்து முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட காப்பாண்மையைப் பேசுகிறது. அந்தப் பையனுக்கு டீக்கடையில் வேலை பார்க்க ஆசை. அந்த அலைச்சலில் அதை யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நாங்களும் தாமதமாகத்தான் கேட்டோம்.

இனி சாதிக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொத்த மக்களில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரில் 2.45. மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு கிடைமட்டமானது, சாதிவாரி ஒதுக்கீட்டை ஊடறுத்துச் செல்வது என்று 1992 மண்டல் தீர்ப்பு விளக்கியது. தேர்வாகிறவர் எந்தப் பிரிவோ அந்தக் கணக்கில் வைக்கப்படுவார். ஆனால் ஒன்றிய அரசுப் பணிகளில் அந்த 4 விழுக்காட்டுக்குள் தலித்துகளுக்கென்று தனிப் பங்கு இல்லை. ஆங்கிலம் படித்த, நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் சேரிப் பிள்ளைக்கும் ஒரே வரிசை.

2020இல் உச்ச நீதிமன்றம் சண்டிகர் அரசு ஓவியக் கல்லூரி வழக்கில், பட்டியல் பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண் 35 என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கும் 35தான் என்றது. அவர்களும் சமூகத்தில் பின்தங்கியவர்களே என்பது அதன் காரணம். வரவேற்கிறோம். ஆனால் இரண்டுமாக இருக்கும் பெண்ணுக்கும் அதே 35தான். இரட்டைச் சுமைக்கு ஒற்றைச் சலுகை.

மாணவத் தோழர்கள் உங்கள் ஊரில் ஒன்பதாம் வகுப்பு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைத் தேடிப் போங்கள். சாதிச் சான்றிதழும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து என்ன செய்ய ஆசை என்று பிள்ளையிடமே கேளுங்கள், அம்மாவிடம் அல்ல.

அந்த அம்மாவையும் மகனையும் இந்தக் கூட்டத்துக்கு அழைத்திருந்தோம். அரங்கு மாடியிலா என்று கேட்டார். ஆமாம் என்றோம்.