உங்களுக்குத் தெரியுமா? பசியை ஏய்க்கும் மருந்தும் பால் குடித்த எலிகளும்

கற்பிட்டி, உடப்பு, சிலாபம் கரையோரக் கடற்றொழிலாளர் பலரின் மடியில் வெற்றிலைச் சரை இருக்கும். அதிலிருக்கும் பாக்கிலுள்ள அரிகோலின், புகையிலையிலுள்ள நிக்கோட்டின் இரண்டும் நரம்பைத் தூண்டுபவை. தூக்கம் விலகும்; பசியும் மங்கும்.

பசியை ஆட்டுவிப்பதில் வயிற்றை விட மூளைக்கே பங்கு அதிகம். இந்திய உடற்றொழிலியல் அறிஞர் பால் கிருஷ்ண ஆனந்தும் ஜோன் புரோபெக்கும் 1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இதைக் காட்டினர். எலி மூளையில் ஹைப்போதலமசின் பக்கப் பகுதியை இருபுறமும் சிதைத்ததும், முன்னால் இரை கிடந்தும் எலிகள் தொடவில்லை.

அம்பெட்டமைன் போன்ற ஊக்க மருந்துகள் மூளையில் டோபமின், நொரட்ரினலின் ஆகியவற்றைப் பெருக்கிப் பசியைக் குறைக்கின்றன. ஆனால் அந்த விளைவு நீடிப்பதில்லை.

ஏன்? 1971இல் ஆய்வாளர்கள் கார்ல்டனும் வோல்ஜினும் ஒரு கூட்டம் எலிகளுக்குப் பால் வைப்பதற்கு முன்பும், இன்னொரு கூட்டத்துக்குப் பால் குடித்த பின்பும் அம்பெட்டமைன் கொடுத்தனர். முதற்கூட்டம் தொடக்கத்தில் பாலை ஒதுக்கினாலும் பின்னர் வழக்கம்போல் குடித்தது. அதே மருந்தைப் பெற்றுவந்த இரண்டாங்கூட்டத்துக்குக் கடைசியில் பாலுக்கு முன் கொடுத்துப் பார்த்தபோது, புதிதாக மருந்தேறிய எலிகளைப் போலவே பாலை ஒதுக்கியது. மருந்து உடலில் ஏறினால் மட்டும் போதாது; மருந்தின் பிடியில் இருக்கும்போதே உண்டு பழகினால்தான் எலி அதை மீறுகிறது!

மனிதருக்கான பசியடக்கிகளிலும் ஆபத்து உண்டு. இதய வால்வுப் பாதிப்பால் பென்புளூரமின் 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. பாக்கோ, புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோய்க் காரணி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு.