தொங்கும் கதவும் புகும் காற்றும்

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தமிழகப் பகுதியில் முன்னாளில் 7ஆம் எண்ணால் வழங்கிய அந்தப் பெருவழி, தருமபுரி மாவட்டத்தை ஊடுருவித் தொப்பூர்க் கணவாயின் வழியாகச் சேலத்தை நோக்கி இறங்குகிறது. ஊருக்குள் ஓடும்போது யாதொரு சப்தமும் செய்யாத கார், இந்தச் சாலையில் வேகம் பிடித்தவுடன் ஓட்டுநரின் காதருகே சீட்டியடிக்கத் தொடங்குவது பலருக்கு அனுபவமான சங்கதி. அதே கார் பாலக்கோட்டுப் பக்கத்து மண்பாதையில் போய்த் திரும்பினால், கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டிருந்தும் இருக்கையின் மேல் செம்புழுதி படிந்திருக்கும். இவை இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றேதான்: கதவு தன் ஸ்தானத்தில் இல்லை.

இதற்கு ஜனங்கள் சாதாரணமாகச் செய்யும் பரிகாரம், கடைக்குப் போய்ப் கதவைச் சுற்றிப் பதிக்கும் புதிய பீடிங் ரப்பர் வாங்கி ஒட்டுவது. ஆனால் தொங்கிவிட்ட கதவுக்கு எவ்வளவு உசத்தியான ரப்பரைப் பதித்தாலும், ஓரிடத்தில் அது நசுங்கிக் கிழியுமேயன்றி, இடைவெளி அகன்ற மற்றோரிடத்தில் கதவைத் தொடவே தொடாது. முதலில் கதவை நேராக நிறுத்த வேண்டும். ரப்பரைப் பற்றிய யோசனை அதற்குப் பின்புதான்.

வேகத்தில் மட்டும் சப்தம் எழுவதன் காரணம் பௌதிக சாஸ்திரத்தில் இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சுமார் ஏழரைக் கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. வேகம் 80 ஆனால் அந்த அழுத்தம் இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகி 30 கிலோவை எட்டுகிறது. முன்கண்ணாடியின் ஓரத்தூணைச் சுற்றி வளைந்து ஓடும் காற்று அங்கே இன்னும் விரைவதால், அவ்விடத்தில் வெளிப்புற அழுத்தம் குறைந்து, கதவின் மேற்சட்டத்தை வெளியே உறிஞ்சி இழுக்கிறது. நிற்கும்போது பொருந்தியிருப்பதாகத் தோன்றிய கதவு ஓட்டத்தில் மயிரிழை விலகுவதும், அந்த விலகலின் வழியே காற்று சீறுவதும் இதனாலேயே.

கதவு தொங்குவதன் ரகசியம் அதன் பாரத்தில் இருக்கிறது. திறந்த கதவின் முழு எடையையும் முன்விளிம்பிலுள்ள இரண்டு கீல்களே தாங்குகின்றன. அந்த எடை மேல் கீலைத் தூணிலிருந்து பிடுங்கவும், கீழ்க் கீலைத் தூணோடு நெருக்கவும் இடைவிடாமல் முயல்கிறது. இறங்கும்போது கதவின் மேல் கையை ஊன்றி எழுவோர் பலர். வத்தல்மலைப் பாதையைப் போன்ற சரிவுகளில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தால், அது கையை மீறி வீசிக்கொண்டு போய்க் கீலை முறுக்குகிறது. இப்படி வருஷக்கணக்கில் கீலின் ஆணியும் புஷ்ஷும் தேய்கின்றன. 2014ஆம் வருஷம் வரை உத்தர்பாராவில் உற்பத்தியான அம்பாசடரைப் போன்ற பழைய வண்டிகளைப் பேணி வருகிறவர்களுக்கு இது புதிய விஷயமன்று.

பரீட்சை செய்வதற்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டாம். கதவைப் பாதி திறந்து, அதன் பின்விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். கீலில் ஆட்டம் தெரிந்தால் தேய்மானம் நிச்சயம். பிறகு ஒரு காகிதத் துண்டை ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே வைத்து மூடி, சுற்றிலும் இடம் மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தால், பிடிப்பின்றி உருவிக்கொண்டு வரும் இடமே காற்றின் வாசல். சந்தேகம் தீராவிட்டால், கதவின் இடைவெளிகளை வெளிப்புறத்தில் மாஸ்கிங் டேப்பால் மூடி நெடுஞ்சாலையில் ஓட்டி, பிறகு டேப்பைப் பகுதி பகுதியாக உரித்துக்கொண்டே வந்தால், எந்தப் பகுதியை உரித்ததும் சப்தம் திரும்புகிறதோ அங்கே குற்றம் இருக்கிறது.

டிங்கர் பட்டறையில் வேலை தெரிந்தவர் கைக்கொள்ளும் கிரமம் இது. முதலில் தேய்ந்த ஆணியையும் புஷ்ஷையும் மாற்றுவார். அடுத்து, நடுத்தூணில் பூட்டு மாட்டிக்கொள்ளும் கொக்கியாகிய ஸ்ட்ரைக்கரைக் கழற்றி வைப்பார். அது இருக்கும்வரை கதவைத் தூக்கிப் பிடித்து, கீலின் பிழையை மறைத்துவிடும். பிறகு துணி சுற்றிய கட்டையை வைத்து ஜாக்கியால் கதவைத் தாங்கி, கீலின் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, மேல் கீலை முன்னோக்கி நகர்த்துவார். அவ்வளவில் பின்விளிம்பு உயரும். சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாகவும், முன்கதவின் கோடு பின்கதவின் கோட்டோடு நேராகவும் அமைந்த பின்பே போல்ட்டுகளை இறுக்கி, ஸ்ட்ரைக்கரைத் திரும்ப மாட்டி, கதவு ஏறாமலும் இறங்காமலும் நேராகச் சென்று பூட்டும்படி அதை அமைப்பார். கதவின் முன்விளிம்பு தனக்கு முன்னுள்ள தகட்டைவிட வெளியே துருத்தக் கூடாது என்பது முக்கியம். துருத்தினால் எதிர்க்காற்று அதிலேயே மோதிப் புதிய சப்தத்தை உண்டாக்கும்.

இத்தனைக்கும் பிறகு காகிதம் எங்கேனும் தளர்வாக வந்தால், அப்போதுதான் ரப்பரைக் குறை கூறலாம். தருமபுரியின் வெயிலில் நெடுநாள் நின்ற வண்டியில் ரப்பர் இறுகி, நசுங்கியது நசுங்கியபடியே கிடப்பது இயல்பு. அதை மாற்றுவது நியாயமான செலவு. ஆனால் காற்றை அடைக்கும் உற்சாகத்தில் கதவின் அடியிலுள்ள சிறு துவாரங்களையும் பசை வைத்து அடைத்துவிடக் கூடாது. கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேற வேண்டியது அவற்றின் வழியேதான். அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

கீல் சரியாக இருந்தும் இடைவெளி சீராகவில்லையென்றால், முன்பு நேர்ந்த ஏதோவொரு மோதலில் தூணே வளைந்திருக்கக் கூடும். சில வண்டிகளில் கீலைப் போல்ட்டால் பூட்டாமல் வெல்டிங் செய்திருப்பார்கள். அங்கே நகர்த்துவதற்கு இடமே இல்லை. இவ்விரண்டும் வீட்டு வாசலில் ஸ்பானரைக் கொண்டு செய்யத்தக்க காரியங்கள் அல்ல. ஸ்ட்ரைக்கரைத் தொட்ட எந்த வேலைக்குப் பிறகும், இரு படிகளாக விழும் பூட்டு இரண்டாம் படி வரை முழுமையாக விழுகிறதா என்று சோதித்த பின்பே சாலைக்குப் போக வேண்டும். முதற்படியிலேயே நின்றுவிட்ட கதவு, சீட்டியடிக்கும் கதவைக் காட்டிலும் அதிக ஆபத்தானது.