வேண்டாததும் உள்ளே வரும்

கல்யாண மண்டபத்தில் எழுபது வயதுக்காரரிடம் ஏதாவது சொன்னால், "என்னப்பா சொன்னே?" என்று திரும்பக் கேட்பார். காது மந்தம் என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். காதும் காரணமாக இருக்கலாம். ஆனால் மேளச் சத்தத்தையும் பக்கத்து நாற்காலி வம்பையும் ஒதுக்கித் தள்ளும் மூளையின் திறனும் வயதோடு தளர்கிறது. இதை 1988-லேயே லின் ஹாஷர், ரோஸ் சாக்ஸ் என்ற உளவியலாளர்கள் வாதிட்டார்கள்.

இதைச் சோதிக்க ஆய்வாளர் ஆடம் கஸாலியும் குழுவினரும் 2005-ல் மூளை ஸ்கேனோடு இறங்கினார்கள். முகங்களும் இயற்கைக் காட்சிகளும் திரையில் வரும். ஒரு முறை காட்சிகளை நினைவில் வைக்க வேண்டும். இன்னொரு முறை அவற்றைக் கண்டுகொள்ளக் கூடாது. நினைவில் வைக்கச் சொன்னபோது, காட்சிகளுக்குரிய மூளைப் பகுதி முதியவர்களிடமும் நன்றாகவே விழித்துக்கொண்டது. ஒதுக்கச் சொன்னபோது இளைஞர்களிடம் அந்தப் பகுதி அடங்கியது, முதியவர்களிடம் அடங்கவில்லை. 2008-ல் அவர்கள் மூளை மின்னலைகளை அளந்ததில் இன்னொன்று தெரிந்தது. தடுக்கும் திறன் அடியோடு போகவில்லை, தாமதமாக வருகிறது. அதற்குள் வேண்டாதது உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

மூளை சும்மா இருப்பதில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ரொபெர்த்தோ கபேஸா 2002-ல் வெளியிட்ட ஆய்வில், நினைவுச் சோதனையை நன்றாகச் செய்த முதியவர்கள் முன்மடலின் இரு பக்கத்தையும் இயக்கினார்கள். தடுமாறியவர்களிடம் இளைஞர்களைப் போல வலப்பக்கம்தான் முக்கியமாக வேலை செய்தது. ஆள் குறைந்த கடையில் முதலாளியே பொட்டலம் கட்டுகிற மாதிரி. இரு பக்கமும் இயங்குவது ஈடுகட்டலா, வெறும் சிதறலா என்ற சண்டை ஆய்வாளர்களிடையே உண்டு. எனக்கென்னவோ முதலாவதுதான் சரியாகப் படுகிறது.

தடுக்கும் திறன் தளர்வதில் லாபமும் இருக்கிறது. ஹாஷர் குழு 2007-ல் சில சொற்களைக் காட்டி, கண்டுகொள்ளாதீர்கள் என்றது. பிறகு கொடுத்த புதிர்களில் சிலவற்றுக்கு அந்தச் சொற்களே விடை. முதியவர்களுக்கு அவை கைகொடுத்தன; இளைஞர்களுக்கு உதவவில்லை.

நேரமும் முக்கியம். அதே ஹாஷர் பங்கேற்று 2014-ல் வெளியான ஆய்வில், காலையில் சோதிக்கப்பட்ட முதியவர்கள் கவனச்சிதறலை நன்றாகவே சமாளித்தார்கள். கவனத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிகளும் இளைஞர்களைப் போல இயங்கின. பிற்பகலில் சோதிக்கப்பட்டவர்களிடம் அதைக் காணோம். நாமோ சாயங்காலம், டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அப்பாவுக்கு மாத்திரை மாற்றத்தை விளக்குகிறோம்.